விருதுநகருக்கு ரெண்டாவது இடம்

கிட்ட வந்து உட்காருங்க தம்பி. இன்னும் கிட்ட. கிரைண்டர் ஓடுது, அதுக்கு மேல கத்துறதுக்குத் தொண்டையில தெம்பு இல்ல. அந்த நாற்காலி வேண்டாம். முந்தாநாள் கோயம்புத்தூர் டீம்ல ஒருத்தன், ஆறே முக்கால் அடி, அதுல உட்கார்ந்து எந்திரிச்சான். அப்போலேர்ந்து அது நிக்கிறதுக்கே யோசிக்குது. இந்த அரிசி மூட்டை மேல உட்காருங்க. வெங்காயம் கண்ணைக் கரிச்சா மூஞ்சியத் திருப்பிக்கங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்.

பரந்தாமன் சாரைத் தேடி வந்தீங்களாக்கும்? மெட்ராஸ்லேர்ந்து ராப்பகலா பஸ் ஏறி, அந்த ஆளைத் தேடியா? "இந்த சீசன் பாஸ்கெட்பால் கோப்பை யாருக்கு, முதல் நாலு டீம் எது"ன்னு அவருகிட்டக் கேட்டு பேப்பர்ல போடப் போறீங்க. நல்லா இருக்கு. அவரு இந்நேரம் கேபிள் டிவி ஆபீஸ்ல மூஞ்சிக்குப் பவுடர் அப்பிக்கிட்டு இருப்பாரு. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் இங்கிட்டு வருவாரு. அதுவரைக்கும் இருங்க. அவரு சொல்றதைக் கேக்குறதுக்கு முன்னாடி, அதையெல்லாம் அவரு எங்க பொறுக்குனாருன்னு தெரிஞ்சுக்கங்க.

என் பேரு பவுனுத்தாய். இந்த கிளப்பு மெஸ்ஸுல பதினெட்டு வருசமா சமையல். நாலாங்கிளாஸ் தாண்டல. பந்தைக் கையால தொட்டதில்ல, அடுப்பங்கரைக்குள்ள உருண்டு வந்தா முறத்தால தள்ளிவிடுவேன். ஆனா இந்தச் சம்பள லீக்கு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஆறு சீசன் முடிஞ்சிருக்கு, அதுல அஞ்சு சீசன் கோப்பை யாருக்குன்னு மே மாசமே சொன்னவ நான். எழுதிக்கங்க. பவுனுத்தாய்னு சேர்த்து எழுதுங்க.

எப்படிச் சொன்னேன்னு கேளுங்க. ஆறு டீமும் சீசனுக்கு முன்னாடி இங்கதான் கேம்ப் வர்றான். பக்கத்துல மலை, சாயங்காலம் காத்து வரும், கிளப்புல ரூம் இருக்கு, என் சோறு இருக்கு. டீமுக்கெல்லாம் சுறா, சிறுத்தை, சூறாவளின்னு பேரு வச்சிருக்கான். எனக்கு ஊர்ப்பேரு போதும். சுறா மாதிரி ஒருத்தனும் ஆடி நான் பார்க்கல, திங்கிறப்ப மட்டும்தான் சுறா.

பந்தி விசாரிக்கிற வழக்கம் இங்க கிடையாது. ஒரு டீமுக்கு ஒரு நீள மேசை. சோத்துப் பானை, சாம்பார் வாளி, பொரியல் கூட்டுன்னு வெஞ்சனத் தட்டு, எல்லாத்தையும் மேசை முனையில வச்சுட்டு நான் வந்துருவேன். அவனவன் போட்டுக்கிட்டு அடுத்தவனுக்கு நகர்த்தணும். அவ்வளவுதான் தம்பி. அதுல தெரிஞ்சுரும். பாஸ்கெட்பால்னா என்ன? கையில இருக்கிறதை அடுத்தவனுக்குக் கொடுக்கிறது. அது பந்தா இருந்தா என்ன, வாளியா இருந்தா என்ன? முதல் வருசம் தூத்துக்குடி கேப்டனுக்குக் காய்ச்சல். சுடுதண்ணியில ரொட்டியை நனைச்சுத் தின்னுக்கிட்டு, கடைசி ஆளு கை கழுவுற வரைக்கும் மேசையை விட்டு எந்திரிக்கல. அன்னிக்கே சொன்னேன், இவனுகதான்னு. இவனுகதான் ஜெயிச்சானுக.

இந்த வருசம் சொல்றேன், எழுதிக்கங்க.

சென்னை நாலாவது. காசைக் கொட்டி ஆள் பிடிச்சிருக்கான். பன்னெண்டு பேரு, பன்னெண்டு சாப்பாடு. ஒருத்தனுக்கு ஓட்ஸ், ஒருத்தனுக்கு உப்பில்லாத கோழி, ஒருத்தனுக்கு முட்டையில வெள்ளை மட்டும். "மஞ்சளைப் பக்கத்துல இருக்கிறவனுக்குக் கொடுய்யா"ன்னேன். குப்பைத் தொட்டியில போட்டான். பந்தையும் அப்படித்தான் போடுவான், கூடையில விழாது.

கோயம்புத்தூர் மூணாவது. மரியாதை ஜாஸ்தி. "நீங்க போடுங்க", "இருக்கட்டுங்க, நீங்க முதல்ல போடுங்க"ன்னு வாளியைத் தள்ளித் தள்ளி, சாம்பார் ஆறி ஆடை கட்டிப் போயிரும். இந்தமாதிரி ஆளு கூடைக்குக் கீழ போய் நின்னுக்கிட்டு, பந்தை எவன் தலையில கட்டலாம்னு பார்ப்பான்.

சேலம் ரெண்டாவது. போன வருசக் கோப்பை அவனுகளுக்குத்தான். சண்டை போட்டுக்கிட்டே திம்பானுக, காது கொடுத்துக் கேக்க முடியாது. ஒருத்தன் தட்டுல இருக்கிற மீனை இன்னொருத்தன் பிடுங்குவான். பிடுங்குனவன் தன் முட்டையைத் தூக்கி அவன் தட்டுல போடுவான். ரெண்டு பேரும் வாய் ஓயாம வைஞ்சுக்குவானுக. ரௌடிப் பயலுக. ஆனா எவன் தட்டும் காலியா இருக்காது.

திருச்சியையும் தூத்துக்குடியையும் விடுங்க. திருச்சிக்காரன் தண்ணிச் சொம்புல போனைச் சாத்தி வச்சுக்கிட்டு, எதைத் திங்கிறோம்னு தெரியாமத் திங்கிறான். தூத்துக்குடிக்காரன் இப்பல்லாம், இந்த ஊரு டேம் மீனு மீனே இல்லைங்கிறான். பின்ன என்ன, கத்திரிக்காயா?

முதல் யாருன்னு பார்க்குறீங்க. சொல்றேன். அதைச் சொல்றதுக்குத்தான் உங்களை உட்கார வச்சேன்.

பரந்தாமன் டெலிபோன் ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஆளு. காலேஜ் படிக்கிறப்ப ஆடுனாராம், மூட்டுல அடி பட்டுச்சாம், இல்லேன்னா இந்தியாவுக்கே ஆடியிருப்பாராம். மூட்டுல அடிபட்டவன் எல்லாரும் இந்தியாவுக்கு ஆடியிருப்பான் போல. மத்தியானம் தினமும் இங்கதான் சாப்பாடு. சம்சாரம் மக வீட்டோட பெங்களூருல. சாப்பிட்டுக்கிட்டே, "என்ன பவுனு, பசங்க எப்படிச் சாப்பிடுறானுக"ம்பாரு. நானும் வெள்ளந்தியாச் சொல்லுவேன். இவன் இப்படி நகர்த்துறான், அவன் அப்படிப் பதுக்குறான்னு. சாயங்காலம் கேபிள்ல, லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு, "நான் உருவாக்கிய ஒற்றுமைக் குறியீட்டின்படி தூத்துக்குடி அணி எட்டுப் புள்ளி நாலு"ன்னு பேசுறாரு! கறிக்கடையில நின்னுக்கிட்டு நான் என் காதால கேட்டேன் தம்பி. எட்டுப் புள்ளி நாலாம். ரொட்டி நனைச்சுத் தின்னவனுக்கு.

அஞ்சு வருசம். அஞ்சு வருசமும் அந்த ஆளு வாயில என் பேரு வரல. ஊரே அவரை ஜோசியருங்குது. டீம் முதலாளிமாரு போன் போட்டுக் கேக்குறான், "சார், இந்த வருசம் நாங்க லிஸ்ட்டுல எங்க இருக்கோம்"னு. நான் வாயே திறக்கல. எனக்கு அந்தப் பேரும் புகழும் வேண்டாம். சும்மா உங்ககிட்டச் சொல்றேன்.

போன வருசம் மே மாசம் என்ன நடந்ததுன்னா, விருதுநகர் டீம் முதலாளி கேம்ப் பார்க்க வந்தாரு. சங்கரபாண்டியன்னு பேரு, நல்லெண்ணெய்க் கம்பெனி. பந்து வட்டமா இருக்கும்ங்கிறதுக்கு மேல அவருக்கு இந்த ஆட்டத்துல ஒண்ணும் தெரியாது. நேரா சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து, பசங்க இட்டிலியைப் பிட்டு வாயில வைக்கிற நேரத்துல, நின்ன வாக்குலயே பேசுனாரு.

"காலையில வாக்கிங் போக முடியலடா. 'என்னண்ணாச்சி, உங்க பசங்க கையில நம்ம எண்ணெயைத் தடவிக்கிட்டு ஆடுறானுகளோ, பந்து வழுக்குதே'ன்னு கேக்குறான். அத்தனை பேரும் சிரிக்கிறான். போதும்டா. பரந்தாமன் சார் லிஸ்ட்டுல முதல் நாலுக்குள்ள நம்ம பேரு வந்தா இந்த சீசனுக்கு லீக்ல சேர்ற பாரத்துல கையெழுத்துப் போடுவேன். வரலேன்னா டீமை மூடிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போறேன். அங்கயாச்சும் நாலு பேரு சிரிச்சா சந்தோசமாச் சிரிப்பான்."

சொல்லிட்டுப் போயிட்டாரு. பன்னெண்டு பேரும் இட்டிலியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே இருக்கானுக.

அவனுக கேப்டன் பேரு ஏசுவடியான். நாசரேத் பக்கம். எல்லாரும் அடியான் அடியான்னுதான் கூப்பிடுவானுக. குட்டைப் பய. டீம்லயே அவன்தான் குட்டை, அவன்தான் வயசாளி. அப்பவே முப்பத்து மூணு. ரெண்டு பொம்பளப் புள்ளைக. லீக்ல ஆடணும்னு, விளையாட்டுக் கோட்டாவுல வந்த போலீஸ் வேலையை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தவன். டீம் மூடுனா இந்த வயசுல வேற எந்த டீமும் எடுக்காது, அந்த வேலையும் திரும்ப வராது. எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனா இரக்கம் வேற, லிஸ்ட்டு வேற தம்பி. ஒருத்தன் முகத்தைப் பார்த்து நான் இடம் போட்டதே கிடையாது.

பரந்தாமன் என்கிட்டக் கேக்குறதெல்லாம் மேசையில இருக்கிறவன் காதுல விழுமில்ல, அன்னிக்குச் சாயங்காலம் அடியான் அடுப்பங்கரை வாசல்ல வந்து நின்னான்.

"அக்கா, சாருகிட்ட எங்களைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"கடைசின்னு சொன்னேன்."

"ஏன்க்கா?"

"ஏனா? உங்க நெட்டையன் சதாசிவம் இருக்கானே, அவன் வாளிக்கு அடியில கரண்டியை விட்டுத் துழாவுறான், பிள்ளையார் சிலையைக் குளத்துல தேடுற மாதிரி. முதல்ல உட்கார்ந்திருக்கிறவன் கடைசியில இருக்கிறவன் மூஞ்சியைப் பார்க்கிறதே இல்ல. தண்ணிச் சொம்பு எவன்கிட்டப் போகுதோ அவன்கிட்டயே குடியிருக்கு. ஒருத்தன் தின்னுட்டு எந்திரிச்சா மத்தவன் தின்னானா இல்லையான்னு திரும்பிப் பார்க்க மாட்டேங்குறான். இதுல எங்கிட்டுப் பந்து கைமாறும்?"

வேற பய யாரா இருந்தாலும் ரோசப்பட்டுப் போயிருப்பான். இவன் நின்னு கேட்டான். "வேற என்னென்னக்கா?", "சேலத்துக்காரன் எப்படிச் செய்யுறான்க்கா?", "கோழி அன்னிக்கு எப்படிப் போட்டுக்கணும்?"னு ஒண்ணொண்ணாக் கேட்டான். அரை மணி நேரம். நானும் சொன்னேன். நடுவுல நடுவுல போனை எடுத்து ஏதோ தட்டிக்கிட்டே இருந்தான், சம்சாரத்துக்குச் சேதி போல. ஆனா ஒரு வார்த்தை விடாமக் காதுல வாங்குனான். அந்த மரியாதை எவனுக்கு வரும்?

மறுநாள் மத்தியானம் நீங்க பார்த்திருக்கணும். கடைசி ஆளு வர்ற வரைக்கும் பன்னெண்டு பேருல ஒருத்தன் உட்காரல. நின்னுக்கிட்டே இருக்கானுக, ராட்டினம் கிளம்புறதுக்குக் காத்திருக்கிற மாதிரி. உட்கார்ந்ததும் வாளி போச்சு பாருங்க, தறியில நாடா ஓடுற மாதிரி. நெட்டையன் கரண்டியை எடுத்தான். அடியில விடல. மேலாப்புல ஒரு கரண்டி, அவ்வளவுதான். "உனக்குத் தண்ணி வேணுமாடா?"ன்னு ஒருத்தன் கேக்க, "உனக்கு வேணுமாடா?"ன்னு அவன் கேக்க, மேசை பூரா தண்ணி வேணுமா தண்ணி வேணுமான்னு ஒரே சத்தம். ஒரு நாள் வாளி ரெண்டு சுத்து வந்துச்சு, யாரும் தொடல, நீ போட்டுக்கோ நீ போட்டுக்கோன்னு. சாம்பார் ஆறியே போச்சு. கோயம்புத்தூர்க்காரன் செய்யுறதா நினைச்சுக்காதீங்க. அது மரியாதை, இது பாசம். எனக்கு வித்தியாசம் தெரியும்.

எப்படி மாறுனானுகன்னு எனக்கே ஆச்சரியம். என் பேச்சு அப்படி உறைச்சிருக்கு. அதுலயும் அடியான், திங்கிறப்பக்கூட ஆட்டத்தை மறக்கிறதில்ல. நான் வெஞ்சனம் எடுக்க உள்ள வந்தா, மெதுவாக் கை தட்டி, "ஒண்ணு, ரெண்டு, நகர்த்து. ஒண்ணு, ரெண்டு, நகர்த்து"ம்பான். நான் திரும்பி வந்தா வெட்கப்பட்டு நிறுத்திருவான். என்ன சிரத்தை!

என் நாத்தனா சீனியம்மான்னு ஒருத்தி, இங்கதான் பாத்திரம் கழுவுறா. ஒரு ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி மக சடங்குக்குப் போயிட்டேன், அவதான் கோழி பரிமாறுனா. திரும்பி வந்தா சொல்றா, "மதினி, விருதுநகர்ப் பயலுக இன்னிக்குக் கோழிக் காலுக்கு அடிச்சுக்கிட்டானுக. நெட்டையன் கையில ஒண்ணு, வாயில ஒண்ணு. அந்தக் குட்டைப் பய சட்டைப் பையிலயே ஒண்ணு வச்சிருந்தான்."

"உனக்குப் போன வருசமே கண்ணு பார்க்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல, போனியா?"ன்னேன்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு மதினி. நீங்க இருந்தா பூனை மாதிரி திங்கிறானுக, நீங்க இல்லேன்னா..."

"போயி டம்ளரைக் கழுவுடி"ன்னேன். பொறாமை, வேற ஒண்ணும் இல்ல. அந்தப் பயலுக இவளை "சீனியம்மா"ங்குறான், என்னை "அக்கா"ங்குறான். அதுக்குத்தான்.

பரந்தாமன் சாருகிட்டச் சொன்னேன், "விருதுநகரை ரெண்டாவதுல போடுங்க"ன்னு. ஏப்பம் விட்டுக்கிட்டுச் சிரிச்சாரு. "பவுனு, என் கணக்குப்படி அவனுக கடைசி. போன சீசன்ல ஒரு ஆட்டத்துக்கு இருபத்து ரெண்டு தடவை பந்தை நழுவ விட்டிருக்கானுக."

"அந்தக் கணக்கை மடிச்சு வச்சுட்டு மேசையைப் பாருங்க"ன்னேன்.

பார்த்தாரு. நாலு நாள் அடுத்தடுத்து உட்கார்ந்து பார்த்தாரு. நாலாவது நாள் நெட்டையன் எந்திரிச்சுப் போயி அந்த ஆளு டம்ளர்லயும் தண்ணி ஊத்துனான். அன்னிக்குச் சாயங்காலம் கேபிள்ல ஒற்றுமைக் குறியீடு ஒம்போது புள்ளி ஒண்ணு. விருதுநகருக்கு ரெண்டாவது இடம். ஊரே வாயைப் பொளந்துச்சு. சங்கரபாண்டியன் முதலாளி பாரத்துல கையெழுத்துப் போட்டதோட நிக்கல, வாக்கிங் போற இடத்துல ஆளுக்கு ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டுக் கொடுத்தாராம்.

சரி. சீசன் ஆரம்பிச்சுச்சு. பத்து ஆட்டத்துல ஒம்போது தோல்வி. அந்த ஒண்ணும், பாதியில கரண்டு போயிருச்சாம், அந்நேரம் ரெண்டு பாயிண்டு முன்னாடி இருந்தானுகன்னு கொடுத்துட்டானுகளாம். ஆறாவது இடம்.

ஏன்னு கேளுங்க. நான் தப்பாச் சொன்னேன்னு நினைச்சீங்கன்னா எந்திரிச்சுப் போயிருங்க. போற ஊர்ல எல்லாம் ஓட்டல் சாப்பாடு தம்பி! ஆளுக்கு ஒரு பொட்டலம், ரூமுக்கே வருதாம். வாளியே இல்லாத இடத்துல எதைக் கைமாத்துவான்? பன்னெண்டு பேரும் பன்னெண்டு ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுத் தின்னா பாசம் எங்க இருந்து வரும்? அதுபோக அந்த ஏ.சி. ஹாலு. மூட்டுக்கு ஆகாது. என் கணிப்பு சரி, சீசன்தான் தப்பு.

அப்பத்தான் பரந்தாமன் வாயைத் திறந்தாரு. கேபிளுக்குப் போன் மேல போனு, "என்ன சார், ரெண்டாவது டீமைக் கீழ இருந்து எண்ணணுமா?"ன்னு. லேப்டாப்பை மூடி வச்சுட்டு, கேமராவைப் பார்த்துச் சொல்றாரு: "இது என்னுடைய கணிப்பு அல்ல. கிளப் உணவகச் சமையல்காரர் பவுனுத்தாய், வடகரை, மூன்றாவது தெரு, அவருடைய தவறான தகவல்." பார்த்தீங்களா? அஞ்சு வருசம் சரியாச் சொன்னப்ப பேரு இல்ல. ஒரு வருசம் சறுக்குனதும் பேரு, ஊரு, தெருவு! வீட்டு நம்பர் ஒண்ணுதான் பாக்கி. கறிக்கடைக்காரன் என்னைப் பார்த்து, "என்னக்கா, இந்த வாரம் ஆடு எது ஜெயிக்கும்?"ங்குறான். ஒரு வருசமா கோழிதான் வாங்குறேன்.

இந்த வருசம் முதல் யாருன்னு இப்ப எழுதிக்கங்க. விருதுநகர். ஆமா, விருதுநகர்தான். போன வருசத்தைவிட இந்த வருசம் இன்னும் நல்லாத் திங்கிறானுக. நான் கூடத்துக்குள்ள கால் வச்சா எந்திரிச்சு நின்னு எனக்கே தட்டு வைக்கிறானுக. முறைக்காதீங்க, எழுதுங்க.

ஆனா இந்த வருசம் டீமே இல்லாமப் போயிருக்கும். முதலாளி கேம்ப்புக்கு அனுப்பிட்டாரு, பாரத்தை மட்டும் கையெழுத்துப் போடாமக் கையிலயே வச்சிருந்தாரு. போன வியாழக்கிழமை கடைசித் தேதி. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள லீக் ஆபீஸ்ல சேர்க்கணும். சேர்க்கலேன்னா விருதுநகர் இல்ல, அஞ்சு டீமோட லீக்கு. மத்தியானம் பரந்தாமன், முதலாளியைக் கையோட கூட்டிக்கிட்டு இங்க வந்துட்டாரு. பாரம் வச்ச ஃபைலு முதலாளி கக்கத்துல. கூடத்துல நாலு டீமு திங்குது. விருதுநகர் மேசைக்கு நேரா நின்னு அந்த ஆளு ஆரம்பிச்சாரு.

"முதலாளி, உங்களை ஏமாத்திட்டானுக. என்னையும்தான். இந்தப் பசங்க இந்தம்மா கண்ணு முன்னாடி மட்டும் நடிச்சிருக்கானுக. லிஸ்ட்டுல பேரு வரணும்னு திட்டம் போட்டு நடிச்சிருக்கானுக."

எனக்குப் பொறுக்கல. கரண்டியோட வெளிய வந்தேன். "யாரு யாரை ஏமாத்துனது? அஞ்சு வருசம் என் வாயைப் பார்த்து லிஸ்ட்டு எழுதுனது யாரு?"

"பவுனு, நீ சும்மா இரு."

"பவுனுன்னு உங்க வீட்டுப் பீரோவைப் பார்த்துக் கூப்பிடுங்க. எனக்குப் பேரு பவுனுத்தாய். மூணாவது தெரு!"

சேலத்து மேசையில ஒருத்தன் விசில் அடிச்சான். பரந்தாமன் என்னை விட்டுட்டு சீனியம்மாளைக் கூப்பிட்டாரு. பேசி வச்சுத்தான் வந்திருக்காரு. அவளும் ஈரக்கையைச் சேலையில துடைச்சுக்கிட்டு வந்து, "ஆமாண்ணே. கோழிக் காலுக்கு அடிச்சுக்கிட்டானுக. என் கண்ணால பார்த்தேன்"னு முதலாளிக்கு முன்னாடி சொல்லிட்டா. என் வீட்டுக்காரரு கூடப் பொறந்தவ. அன்னையிலேர்ந்து நான் அவகூடப் பேசுறதில்ல. பருப்பு எவ்வளவு போடணும்னு மட்டும் சொல்லுவேன்.

முதலாளி ஃபைலை மேசையில வச்சாரு. உட்காரல. "அடியான், என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. நடிச்சீங்களா, இல்லையா?"

நெட்டையன் தட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கான், அழுதுருவான் போல. அடியான் எந்திரிச்சான். போயி சோப்புப் போட்டுக் கை கழுவுனான். துண்டுல ஒவ்வொரு விரலாத் துடைச்சான். அவனுக்கு ஒரு அவசரமும் இல்ல.

"முதலாளி, சாருகிட்ட ஒரு சந்தேகம் கேட்டுக்கிறேன், அப்புறம் சொல்றேன்."

"கேளு."

"சார், இந்த வருச லிஸ்ட்டுல எங்களை எத்தனாவதாப் போட்டிருக்கீங்க?"

"கடைசி. ஆறாவது. அதுக்கு எட்டுப் பக்கத்துக்குக் காரணம் எழுதி வச்சிருக்கேன்."

"போன வருசம் எத்தனாவது சார்?"

அந்த ஆளு என்னைப் பார்த்தாரு. "ரெண்டாவது. அது இந்தம்மா..."

"நாங்க வந்தது?"

"ஆறாவது."

"சேலத்தை எத்தனாவதாப் போட்டிருந்தீங்க?"

சேலத்து மேசையில திங்கிறதை நிறுத்திட்டானுக. பரந்தாமன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "அஞ்சாவது."

"வந்தது?"

சேலத்துக்காரன் ஒருத்தன் உட்கார்ந்த வாக்குல, "கோப்பை சார்! எங்க அலமாரியில இருக்கு!"ன்னு கத்துனான். சேலத்தை அஞ்சாவதுன்னு நான் சொன்னேன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க தம்பி. அது முழுக்க முழுக்க லேப்டாப்பு.

அடியான் முதலாளி பக்கம் திரும்புனான். கையைக் கட்டிக்கிட்டு, பணிவாத்தான் சொன்னான். "முதலாளி, சாரு மேல சொன்னா கீழ வருது. கீழ சொன்னா மேல வருது. சாரு இந்த வருசம் எங்களைக் கடைசின்னு சொல்றாரு. எட்டுப் பக்கத்துக்குச் சொல்றாரு. நமக்கு இதைவிட நல்ல சேதி வேற யாரு சொல்லுவா?"

முதல்ல சேலத்து மேசை சிரிச்சுச்சு. தட்டுல கரண்டியால தட்டித் தட்டிச் சிரிச்சானுக. அப்புறம் கோயம்புத்தூர்க்காரன்கூட மரியாதையா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான். முதலாளி சிரிக்கல. பரந்தாமனைப் பார்த்தாரு, பார்த்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் வயிறு குலுங்குச்சு, அப்புறம் தோளு குலுங்குச்சு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு. "நாளைக்கு வாக்கிங்ல இதைச் சொல்லணும்டா அடியான்! மேல சொன்னா கீழ, கீழ சொன்னா மேல! நம்மளைப் பார்த்துச் சிரிச்ச பயலுகளுக்கு இதைச் சொல்லணும்டா!" அத்தனை வருசம் மத்தவன் சிரிக்க இவரு நின்ன ஆளு. இப்ப இவரு சிரிக்க இன்னொருத்தரு நிக்கிறாரு. அந்த மனுசனுக்கு அதுதான் வேண்டியிருந்துச்சு போல.

ஒண்ணை நீங்க கவனிக்கணும் தம்பி. நடிச்சோம்னு அடியான் சொன்னானா? சொல்லல. நீங்களே யோசிச்சுப் பாருங்க. நடிச்சவனா இருந்தா, முதலாளி கேட்ட கேள்விக்கு அன்னிக்கே பதில் சொல்லியிருக்க மாட்டானா? மனசுல கள்ளம் இல்லாதவனுக்குத்தான் அந்தக் கேள்வி மறந்தே போகும். இதை சீனியம்மாளுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்ல.

முதலாளி ஃபைலைத் திறந்தாரு. சட்டைப் பையைத் தடவுனா பேனா இல்ல. அடியான் ரெண்டு எட்டு வச்சு, "சார், ஒரு நிமிசம்"னு, பரந்தாமன் பையில இருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழட்டி முதலாளி கையில கொடுத்தான். அந்த ஆளு ஆணியடிச்ச மாதிரி நிக்கிறாரு. முதலாளி மூணு இடத்துல கையெழுத்துப் போட்டாரு. அடியான் பாரத்தை வாங்கி, மை காயுற வரைக்கும் ஊதி, நெட்டையன் கையில கொடுத்து, "ஆபீஸுக்கு ஓடு"ன்னான். அவன் எச்சிக் கையோட ஓடுனான்.

அடியான் பேனாவை மூடி, பரந்தாமன் பையிலயே திரும்பச் செருகி, கிளிப்பு வெளிய தெரியுற மாதிரி நேராக்கி விட்டு, "லிஸ்ட்டை மட்டும் மாத்திராதீங்க சார்"னு சொன்னான்.